முப்பதாவது டர்னைக் காட்டுங்கள்

சிவிலைசேஷன் ஆட்டத்தில் தோற்றுவிட்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கடைசிக் காட்சியைத்தான் காட்டுவார்கள். இருநூற்று ஐம்பதாவது டர்ன். எதிராளியின் ராக்கெட் ஏவுதளம் தயாராக நிற்கும். இவர்களுடைய ஊர்களில் பல்கலைக்கழகமே எழும்பியிருக்காது. "இந்த இடத்துல நான் என்ன செஞ்சிருக்கணும்ணே?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. "முப்பதாவது டர்ன் சேவ் வச்சிருக்கீங்களா?" என்று கேட்பேன். பெரும்பாலும் இருக்காது. அதனால் இப்போதெல்லாம் புதிதாக யார் வந்தாலும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுகிறேன்: ஆட்டம் தொடங்கியதும் கையால் ஒரு சேவ். பிறகு முப்பதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று. ஆட்டோசேவ் பழையதை அழித்துக்கொண்டே போகும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

பல வருடங்களாக மாலை நேரங்களில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சிலர் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்காருவார்கள். பெரும்பாலோர் திரையைப் பகிர்ந்துகொண்டு காதில் ஹெட்ஃபோனுடன் பேசுவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. வங்கியில் வேலை பார்ப்பவர் உண்டு. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் உண்டு. இத்தனை பேருடைய ஆட்டங்களைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம் ஒன்றுதான். தோல்வி முதல் ஐம்பது டர்ன்களில் முடிவாகிவிடுகிறது. அப்போது எதிரி எல்லையில்கூட நிற்பதில்லை, யாரும் போர் அறிவிப்பதில்லை. எல்லாம் நன்றாகப் போவதுபோல் தோன்றும் அந்த அமைதியான நேரத்தில்தான் ஆட்டம் கையைவிட்டு நழுவுகிறது.

சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய முதல் சிவிலைசேஷன் 1991-இல் வந்தது. கி.மு. 4000-இல் ஒரு சின்னக் கூட்டத்தோடு தொடங்கி விண்வெளி வரை ஒரு நாகரிகத்தைக் கொண்டுபோவது என்ற அடிப்படை இன்றுவரை மாறவில்லை. நான் சொல்லிக்கொடுப்பது ஆறாம் பாகத்தை. ஃபிராக்சிஸ் நிறுவனத்தில் எட் பீச் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 2016 அக்டோபரில் வெளிவந்தது. ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் என்ற இரண்டு விரிவாக்கங்கள் 2018-இலும் 2019-இலும் சேர்ந்தன. 2025 பிப்ரவரியில் ஏழாம் பாகமும் வந்துவிட்டது. அதில் சோழர்கள் ஒரு நாகரிகமாகவே வருகிறார்கள், தஞ்சைப் பெரிய கோயில் கட்டக்கூடிய அதிசயங்களில் ஒன்றாக இருக்கிறது என்பதால் நம் பிள்ளைகள் நேராக அதற்கே போக ஆசைப்படுகிறார்கள். ஆனால் ஏழாம் பாகம் மூன்று யுகங்களாகப் பிரிந்தது. அது வெளிவந்தபோது இருந்த விதிப்படி யுகம் மாறினால் நாகரிகமே மாறிவிடும். ஆறில் முதல் டர்னில் போட்ட ஊரும் கடைசி டர்னில் நிற்கும் ஊரும் ஒரே கோட்டில் இருக்கின்றன. இருபதாவது டர்னில் எடுத்த முடிவு இருநூறாவது டர்னில் என்ன ஆயிற்று என்று விரல் வைத்துக் காட்டலாம். படிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

தொடக்கத்தில் கையில் இருப்பது ஒரு செட்லர், ஒரு வாரியர். செட்லர் என்பது ஊர் அமைக்கப் போகும் குடியேறிக் கூட்டம். புதியவர்கள் அந்தச் செட்லரை நல்ல இடம் தேடி ஐந்தாறு டர்ன் நடக்க வைப்பார்கள். நான் இரண்டாவது டர்னுக்குள் ஊர் போட்டாக வேண்டும் என்பேன். நன்னீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆற்றையோ ஏரியையோ ஒட்டிய ஊருக்குக் குடியிருப்பு 5. கடலை மட்டும் ஒட்டியிருந்தால் 3. இரண்டும் இல்லாவிட்டால் 2. இந்த எண்ணைத் தாண்டி மக்கள்தொகை சரியாக வளராது என்பதால், தண்ணீர் இல்லாத இடத்தில் போட்ட ஊர் குழந்தையாகவே நின்றுவிடும்.

அடுத்தது, கட்டங்களின் மேல் விளைச்சலைக் காட்டும் குறிகளைத் திரையில் போட்டுக்கொள்வது. ஆட்டம் அவற்றை மறைத்துத்தான் தொடங்குகிறது. நிலம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இருக்கலாம். ஆனால் அந்தக் குறிகள் இல்லாமல் ஆடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவதுதான். புல்வெளி 2 உணவு தரும். சமவெளி 1 உணவும் 1 உற்பத்தியும் தரும். குன்று இருந்தால் உற்பத்தி ஒன்று கூடும், காடு இருந்தால் இன்னொன்று கூடும். ஒவ்வொரு குடிமகனுக்கும் டர்னுக்கு 2 உணவு வேண்டும். ஊர் மையம் எந்த நிலத்தில் அமைந்தாலும் குறைந்தது 2 உணவும் 1 உற்பத்தியும் கிடைக்கும். சமவெளிக் குன்றின் மேல் அமைந்தால் 2 உணவு, 2 உற்பத்தி. அந்த ஒற்றை உற்பத்திக்காக ஒரு கட்டம் தள்ளிப்போகச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு செட்லரின் விலை 80 உற்பத்தி. ஊரின் வருமானம் டர்னுக்கு 5 என்றால் 16 டர்ன் ஆகும். 6 என்றால் 14. முதல் செட்லரே இரண்டு டர்ன் முந்தி வருகிறது. அந்தச் செட்லர் போடும் ஊரும் இரண்டு டர்ன் முந்தி வளரத் தொடங்குகிறது. அப்படியே அடுத்தது, அதற்கடுத்தது.

கணக்கு டீச்சர் இதை ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார். போர்க்களத்தில் அவருக்கு ஆர்வமே இல்லை. ஊரைத் திறந்து எந்தக் குடிமகன் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறான் என்று ஒவ்வொரு டர்னும் பார்ப்பார். ஆட்டம் தானாக ஆட்களை நிறுத்தும்போது உணவின் பக்கமே சாயும். செட்லர் செய்துகொண்டிருக்கும் நேரத்தில், முடிகிற டர்னில் மக்கள்தொகை 2 இருந்தால் போதும். அதற்குமேல் வளர்வதைவிட உற்பத்தி வேண்டும். டீச்சர் குடிமகனைப் புல்வெளியிலிருந்து எடுத்துக் காட்டுக்குன்றுக்கு மாற்றுவார், இரண்டு டர்ன் கழித்து மறுபடி மாற்றுவார். "இது ரொம்ப நுணுக்கமா இருக்கே, எனக்குப் பொறுமை இல்லண்ணா" என்று அவரோடு சேர்ந்து கற்றுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் சொன்னான். முதல் நாற்பது டர்னுக்கு மட்டும் செய், அப்புறம் விட்டுவிடு என்றேன். அந்த அளவு போதும். பத்து ஊர் வந்த பிறகு ஒவ்வொரு குடிமகனையும் நகர்த்திக்கொண்டிருந்தால் ஆட்டம் முடியவே முடியாது.

இனி ஊர்களின் எண்ணிக்கைக்கு வருகிறேன். நான் இதுவரை சொல்லிக்கொடுத்ததில் பாதி இதைப் பற்றித்தான்.

என் தங்கை மகள் ஆடத் தொடங்கிய வாரம். ஆஸ்ட்ராலஜி கண்டுபிடித்துவிட்டாள், பக்கத்தில் கல் இருக்கிறது.

"மாமா, ஸ்டோன்ஹெஞ்ச் கட்டலாம்னு வந்திருக்கு. கட்டட்டுமா?"

"எவ்வளவு உற்பத்தி கேக்குது?"

"180."

"செட்லர் எவ்வளவு?"

"80." கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு ஊர் மாமா அது."

செட்லர் விலை ஒவ்வொன்றுக்கும் ஏறும் என்பதால் அது துல்லியமான கணக்கு அல்ல. ஏறக்குறைய இரண்டு ஊர். ஆனால் அவள் கேட்டுக்கொண்ட கேள்வி சரியான கேள்வி. ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு தீர்க்கதரிசியைத் தரும், மதம் தொடங்கலாம். மதத்தால் வெல்லத் திட்டமிடுபவருக்கு அது பொருள் உள்ள செலவு. திட்டம் எதுவும் இல்லாமல், வந்துவிட்டதே என்று கட்டுகிறவருக்கு முப்பது டர்ன் போய்விடும். அந்த முப்பது டர்னில் பக்கத்து நாடு நல்ல நிலங்களையெல்லாம் எடுத்துக்கொள்ளும். தொடக்க கால உற்பத்தி விதைநெல் மாதிரி. அதைப் பொங்கிச் சாப்பிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நூறாவது டர்னுக்குள் பத்து ஊர் என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு வழக்கு உண்டு. அதை நானும் இலக்காக வைக்கச் சொல்கிறேன். தீவு சிறியதாக இருந்தால் ஏழில் நிற்கலாம். ஆனால் நான்கு ஊரோடு திருப்தியடைந்து உட்காரக் கூடாது. ஐந்தாம் பாகத்தில் நாலைந்து ஊரோடு வென்று பழகியவர்களுக்கு இது மனத்தடையாக இருக்கும். ஆறாம் பாகம் பரவியவர்களுக்கே பரிசு தருகிறது.

எப்படிப் பரவுவது? ஒவ்வொரு செட்லரும் ஊரிலிருந்து ஒரு மக்கள்தொகையை எடுத்துக்கொண்டுதான் வெளியேறும், அதனால் வேகம் குறையும். இதற்கு ஆட்டமே இரண்டு உதவிகள் வைத்திருக்கிறது. எர்லி எம்பயர் என்ற குடிமையை, அதாவது பண்பாட்டால் முடிக்கும் ஆராய்ச்சியை, முடித்தால் காலனைசேஷன் என்ற கொள்கை அட்டை கிடைக்கும். செட்லர் உற்பத்தி பாதி கூடும். மேக்னஸ் என்ற ஆளுநரை ஓர் ஊரில் வைத்து, புரொவிஷன் என்ற பதவி உயர்வைக் கொடுத்தால் அந்த ஊரில் செய்யும் செட்லர்கள் மக்கள்தொகையைக் குறைக்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு அந்த ஊரில் வரிசையாகச் செட்லர் போட வேண்டும். மற்ற ஊர்கள் நிலத்தை மேம்படுத்தும் பில்டரையும் காவல் படையையும் பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஏற்பாட்டைக் கற்றுக்கொண்ட பிறகு ஒருவருடைய ஆட்டம் ஒரே வாரத்தில் மாறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இடைவெளி விஷயத்தில் ஒரு பிடிவாதம் புதியவர்களிடம் இருக்கும். ஓர் ஊர் மூன்று சுற்று தூரம் வரை, அதாவது 36 கட்டங்களில் வேலை செய்ய முடியும். அந்த 36-ம் தன் ஊருக்கே வேண்டும் என்று ஊர்களைத் தள்ளித் தள்ளிப் போடுவார்கள். எந்த ஊரில் 36 பேர் வாழப்போகிறார்கள்? பத்து, பன்னிரண்டு பேர் இருந்தால் பெரிய ஊர். இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்று கட்டம் இருந்தால் ஆட்டம் அனுமதிக்கும். நான்கு வைத்தாலும் நல்லது. நெருக்கமாகப் போட்டால் காக்க எளிது. டிஸ்ட்ரிக்ட்கள் என்ற சிறப்புப் பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று பலன் கூட்டும். ஒரே தொழிற்சாலையின் உற்பத்தி பல ஊருக்குப் போகும். வரைபடத்தில் ஊசிக்குறி குத்தும் வசதி இருக்கிறது. முதல் இருபது டர்னில் உளவு பார்க்கும் ஸ்கவுட் சுற்றி வந்ததும் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வரப்போகும் ஆறு ஊருக்கும் குறி குத்தச் சொல்வேன். பக்கத்து நாட்டை நோக்கிய குறிக்கு முதலில் செட்லர் போக வேண்டும், பின்பக்கத்து நிலம் எங்கும் ஓடிவிடாது. அதற்காக அவர்களுடைய பெரிய ஊருக்கு மிக அருகே போய் உட்கார்ந்தால் விசுவாசம் குறைந்து நம் ஊர் கைமாறிவிடும். அந்த விசுவாசக் கணக்கையும் குறி குத்தும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்டுமிராண்டிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களின் ஸ்கவுட் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டால் அதன் தலைக்குமேல் சிவப்பு ஆச்சரியக்குறி வரும். அது முகாமுக்குத் திரும்பிவிட்டால் படை கிளம்பும். எனவே திரும்பும் வழியை மறித்துக் கொல்லுங்கள். முகாம்கள் யாருடைய கண்ணிலும் படாத இருட்டில்தான் முளைக்கும். ஒரு குன்றின் மேல் வாரியரை நிறுத்தினால் சுற்றுப்புறம் வெளிச்சமாகி முகாம் முளைக்க இடம் குறையும். கவண் வீசும் ஸ்லிங்கர் இரண்டும் ஒரு வாரியரும் இருந்தால் பிரின்ஸ் என்ற கடினநிலையில் தாராளம்.

ஸ்லிங்கர் என்றதும் யுரேகா. ஆறாம் பாகத்தின் ஆகச் சிறந்த கற்பனை இதுதான் என்பது என் எண்ணம். பெரும்பாலான தொழில்நுட்பங்களுக்கு ஆளுக்கொரு சின்ன வேலை வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தால் ஆராய்ச்சியின் ஒரு பகுதி இலவசம். முதலில் 50 சதவீதமாக இருந்தது, விரிவாக்கங்களில் 40 ஆயிற்று. ஸ்லிங்கரால் ஒரு படையைக் கொன்றால் வில்வித்தைக்கு யுரேகா. வில்வித்தைக்கு 50 அறிவியல் வேண்டும். 40 சதவீதம் 20. தொடக்கத்தில் தலைநகரின் அறிவியல் டர்னுக்கு 2.5தான். ஒரே ஒரு காட்டுமிராண்டியை வாரியரால் முடிக்காமல் ஸ்லிங்கரால் முடித்ததற்கு எட்டு டர்ன் ஆராய்ச்சி கிடைக்கிறது. வாரியரால் அடித்துக் குற்றுயிராக்கிவிட்டுக் கடைசி அடியை ஸ்லிங்கருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர் பிறகு மறப்பதில்லை.

வளத்தின் மேல் சுரங்கம் வைத்தால் சக்கரத்துக்கு, கல்குவாரி போட்டால் கொத்துவேலைக்கு, கடலோரம் ஊர் அமைத்தால் கப்பலோட்டத்துக்கு, இன்னொரு நாகரிகத்தைச் சந்தித்தால் எழுத்துக்கு யுரேகா கிடைக்கிறது. குடிமைகளுக்கும் இப்படியே உண்டு: மூன்று கட்டங்களை மேம்படுத்தினால் கைவினைக்கு, மொத்த மக்கள்தொகை ஆறானால் எர்லி எம்பயருக்கு, மூன்று நகர அரசுகளைச் சந்தித்தால் அரசியல் தத்துவத்துக்கு, ஆறு பண்ணைகள் இருந்தால் நிலவுடைமைக்கு. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆராய்ச்சி மரத்தைத் திறந்தால் ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கிறது. பழக்கம் என்னவென்றால், ஒன்றை 60 சதவீதம் வரை ஆராய்ந்துவிட்டு யுரேகா இன்னும் வரவில்லை என்றால் வேறொன்றுக்கு மாறிவிடுவது. செய்தது வீணாகாது, அப்படியே நிற்கும். வேலை முடிந்து யுரேகா வந்த கணத்தில் மீதி நிறைந்துவிடும். வங்கிக்காரர் இதைக் கேட்டதும் ஒரு தாளில் வரிசையாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டார். அவருடைய பில்டர் எப்போதும் தாளைப் பார்த்தே நகரும். பில்டருக்கு வேலை மூன்றே மூன்று தடவைதான். மூன்றும் யுரேகா தருகிற இடத்தில் விழ வேண்டும் என்பார். அதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆட்டத்தின் ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு எப்படிக் கோத்திருக்கிறது என்று ஒருவருக்குப் புரிந்துவிட்டால் அதற்குமேல் அவருக்கு நான் தேவையில்லை.

டிஸ்ட்ரிக்ட்களில் முதலாவது பெரும்பாலும் கேம்பஸ். மலையை ஒட்டி வையுங்கள், ஒவ்வொரு மலைக்கும் ஓர் அறிவியல் கூடும். வணிக மையம் என்றால் ஆற்றோரம், +2. ஊரின் மக்கள்தொகை 1 ஆக இருக்கும்போதே முதல் டிஸ்ட்ரிக்ட் வைக்கலாம். இரண்டாவதுக்கு 4 வேண்டும், மூன்றாவதுக்கு 7. இவற்றின் விலை 54-இல் தொடங்கி, நீங்கள் தொழில்நுட்பங்களும் குடிமைகளும் முடிக்க முடிக்க ஏறிக்கொண்டே போகும். ஆனால் நிலத்தில் வைத்த கணத்தில் விலை பூட்டிக்கொள்ளும். எனவே புது ஊர் போட்டதும் கட்ட நேரமில்லாவிட்டாலும் கேம்பஸை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். அறுபது டர்ன் கழித்துத் திரும்பி வந்தாலும் பழைய விலைதான். தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் ஆட்டத்தின் நடுப்பகுதியில் வரும் இடைவெளிக்கு இது ஒரு பெரிய காரணம்.

காடு வெட்டும்போது பிள்ளைகளுக்கு மனசு வராது. பில்டரைக் காட்டில் நிறுத்தி வெட்டினால் ஊருக்கு மொத்தமாக ஒரு தொகை உற்பத்தி வந்து சேரும். நாகரிகம் முன்னேற முன்னேற அந்தத் தொகையும் கூடும். செட்லர் பாதியில் நிற்கும்போது ஒரு காடு விழுந்தால் அடுத்த டர்னே செட்லர் தயார். மேக்னஸ் அந்த ஊரில் இருந்தால் வெட்டில் வருவது பாதி கூடும். "மரத்தை வெட்டாம ஜெயிக்க முடியாதா மாமா?" என்று தங்கை மகள் கேட்டாள். முடியும். பண்பாட்டு வெற்றிக்குப் போகிறவர்களுக்குக் காடு சொத்து. தேசியப் பூங்காவுக்கு நிலத்தின் அழகு வேண்டும், பழைய காடுகள் அந்த அழகைக் கூட்டும். அவள் அந்த வழியையே எடுத்துக்கொண்டாள். ஊருக்கு அருகே ஒன்றிரண்டை மட்டும் வெட்டி மலையடிவாரத்துக் காடுகளை அப்படியே வைத்திருந்தாள். எல்லாக் காட்டையும் வெட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. எதற்காக வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டினால் சரி.

அண்டை நாடுகளோடு பழகுவதைப் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். ஒரு தலைவரைச் சந்தித்த அதே டர்னில் 25 தங்கம் கொடுத்துத் தூதுக்குழு அனுப்புங்கள். அப்போது பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், சில டர்ன் தாமதித்தால் மறுக்கக்கூடும். ஒரே ஆடம்பரப் பொருள் இரண்டு இருந்தால் இரண்டாவதை விற்றுவிடுங்கள். கிடங்கில் வைத்து ஒரு பயனும் இல்லை. எல்லையில் நாலு வில்லாளி நின்றால் பக்கத்து நாட்டுக்காரர் யோசிப்பார். காந்தியைச் சந்தித்ததும் எல்லோரும் என்னிடம் அந்த அணுகுண்டுக் கதையைச் சொல்வார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு நிரல் பிழையால் காந்தி போர்வெறியராக மாறினார் என்ற கதை அது. 2020-இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் சிட் மெயர் அப்படி ஒரு பிழையே இருக்கவில்லை என்று எழுதிவிட்டார். ஆறாம் பாகத்துக் காந்தி அமைதியைக் காப்பவர்களை விரும்புபவர். பக்கத்தில் அவர் அமைந்தால் செட்லர்களை நிம்மதியாக அனுப்பலாம்.

நகர அரசுகளை முதலில் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசம். இதற்காகவே முதல் உற்பத்தி ஸ்கவுட்டாக இருக்கட்டும். அறிவியல் நகர அரசு ஒன்றில் ஒரு தூதர் இருந்தாலே தலைநகருக்கு டர்னுக்கு 2 அறிவியல். மொத்தமே 2.5 வரும் காலத்தில் இது எத்தனை பெரிய வரவு என்று பாருங்கள். மத நகர அரசுகளில் நம் அருகிலிருக்கும் கண்டியும் ஒன்று. அதை முதலில் சந்தித்தால் டர்னுக்கு 2 நம்பிக்கை. மதத்துக்கு முந்தைய படியான பாந்தியனுக்கு வேண்டிய 25 நம்பிக்கை பதின்மூன்று டர்னில் சேர்ந்துவிடும். இலங்கையில் படிக்கும் பையன் ஒருவன் தன் ஸ்கவுட் கண்டியைக் கண்டுபிடித்த அன்று இரவு பதினோரு மணிக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

கடினநிலைகள் எட்டு. நான்காவதான பிரின்ஸில் கணினிக்கும் உங்களுக்கும் சம நிலம். உச்சியில் இருக்கும் டீட்டியில் கணினி மூன்று செட்லர்களோடும் ஐந்து வாரியர்களோடும் தொடங்கும், போரில் கூடுதலாக +4 பலமும் உண்டு. அங்கே வெல்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தச் சலுகை பெரும்பாலும் தொடக்கத்தில் குவிந்திருக்கிறது. முதல் நூறு டர்ன் உயிரோடு தாண்டி ஊர்களையும் பரப்பிவிட்டால், அதற்குப் பிறகு திட்டமிட்டு ஆடும் மனிதர் முந்திவிடுவார். ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒரு நிலையில் எந்த வழியில் வெல்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி வென்ற பிறகு அடுத்த நிலைக்கு ஏறுவது நல்லது. தற்செயலாகக் கிடைத்த புள்ளி வெற்றியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நூறாவது டர்ன் நெருங்கும்போது வழியைத் தீர்மானித்துவிட வேண்டும். அறிவியல் வெற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் புள்ளி மட்டும் போதும் என்று நினைத்து எல்லா ஊரிலும் கேம்பஸ் வைத்துவிட்டு உற்பத்தியை மறந்துவிடுகிறார்கள். ஏவுதளம் ஒன்றே 1800 உற்பத்தி கேட்கும். பிறகு செயற்கைக்கோள், நிலா, செவ்வாய், அதன்பின் வேற்றுச் சூரியனை நோக்கிய பயணம். அந்தக் கடைசிப் பயணம் 50 ஒளியாண்டு தூரம், டர்னுக்கு ஓர் ஒளியாண்டு வேகம். லேசர் நிலையங்கள் செய்தால்தான் வேகம் கூடும், அவற்றுக்கும் உற்பத்தி வேண்டும். ஆராய்ச்சியை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு ஏவுதளம் கட்ட நாற்பது டர்ன் காத்திருந்து தோற்றவர்கள் உண்டு. அவர்களுடைய ஐம்பதாவது டர்ன் சேவைத் திறந்தால் குன்றுகளில் சுரங்கம் இருக்காது, இரண்டு ஊருக்கு நடுவே வணிகப் பாதை இருக்காது. வெளிநாட்டுக்கு அனுப்பித் தங்கம் வாங்கிய வணிகரைப் புது ஊரிலிருந்து தலைநகருக்கு ஓடவிட்டிருந்தால் அந்த ஊருக்கு உணவும் உற்பத்தியும் வந்திருக்கும், சாலையும் போட்டிருக்கும்.

பயிற்சி முறைக்கு வருகிறேன். நிறைய ஆட்டம் ஆடுவதால் மட்டும் யாரும் முன்னேறிப் பார்த்ததில்லை. ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை ஆடியவர்கள் முன்னேறினார்கள். முதல் டர்னில் கையால் போட்ட சேவ் இருக்கிறதே, அதற்குத்தான். நூறு டர்ன் வரை ஆடுங்கள். நிறுத்தி ஊர் எத்தனை, மக்கள்தொகை எவ்வளவு, அறிவியல் எவ்வளவு, பண்பாடு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த முதல் சேவைத் திறந்து அதே நிலத்தில் மறுபடி தொடங்குங்கள். நதி எங்கே, பக்கத்து நாடு எங்கே, முகாம் எங்கே என்று இப்போது தெரியும். தெரிந்து ஆடுவது ஏமாற்று ஆகாதா என்று சிலர் தயங்குவார்கள். போட்டிக்கு ஆடினால் ஏமாற்று, பாடத்துக்கு ஆடினால் அதுதான் முறை. நிலம் ஒன்றே, எதிரி ஒன்றே என்றால் வித்தியாசம் முழுவதும் உங்கள் முடிவுகளில் இருந்து வந்தது. கல்லூரிப் பையனுடைய முதல் ஆட்டத்தில் நூறாவது டர்னில் நான்கு ஊர். அதே நிலத்தில் இரண்டாவது தடவை ஒன்பது. என்ன மாற்றினாய் என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவ எண்ட் டர்ன் அமுக்கறதுக்கு முன்னாடியும் எல்லா ஊரையும் ஒரு தடவ தொறந்து பாத்தேன்ணா" என்றான். வேறெதையும் அவன் மாற்றவில்லை.

இன்று இரவு தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் அமைப்பு இது. ரோம், டிராஜன், அவர் அமைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் ஊர் மையக் கட்டடம் ஒன்று இலவசமாக வரும், தொடக்கத்தில் அது மான்யுமென்ட், 60 உற்பத்தி மிச்சம். வரைபடம் பாஞ்சியா, அளவு சிறியது, வேகம் ஸ்டாண்டர்டு, நிலை பிரின்ஸ். விளைச்சல் குறிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். சேவுக்குப் பெயர் வைக்கும்போது டர்ன் எண்ணையும் எழுதுங்கள். ஸ்கவுட், ஸ்லிங்கர், செட்லர் என்ற வரிசையில் தொடங்கி, இரண்டாவது செட்லர் கிளம்பிய பிறகு முப்பதாவது டர்னில் நிறுத்தி அந்தச் சேவை எனக்கு அனுப்புங்கள்.